சாவு வீட்டில் ஒலிபரப்பான பதினொரு மணி நிகழ்ச்சி

நான் செய்த அயோக்கியத்தனங்களில் பெரும்பாலானவை வெளியே தெரியாது. ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. அதுவும் நான்கு குழாய் ஸ்பீக்கர் வழியாக, புதுப்பட்டி ஊர் முழுக்க.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன சமுதாய வானொலியில் வேலை. கறவை மாட்டுத் தீவனம், திராட்சைக்கு வரும் சாம்பல் நோய், கர்ப்பிணிகளுக்குக் கீரை. இவைதான் எங்கள் நிகழ்ச்சிகள். இதற்கு நடுவே, 'ஒரு ராக் பாட்டுக்காரரும் அவரோடு வாசித்தவர்களும்' என்று சனிக்கிழமை தோறும் பதினொரு மணிக்கு ஒரு தொடர் செய்யப்போகிறேன் என்றேன். நிலையத்தை நடத்திய எங்கள் மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருப்பா கேப்பாக?" என்றார். என் மாமா கேட்பார் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும், நானும் தப்பித்திருப்பேன்.

மாமா என்றால் என் அப்பாவின் அக்காள் புருஷன், தவமணி. திராட்சைத் தோட்டக்காரர். முப்பது வருடங்களுக்கு முன்னால் சென்னைக்கு ஓடிப்போய் இரண்டு வருடம் டிரம்ஸ் வாசித்தவர். அந்தப் பாட்டுக்காரரின் முதல் கேசட்டில் எல்லாப் பாட்டுக்கும் டிரம்ஸ் தன் கைதான் என்பார். கேசட் அட்டையில் அவர் பெயர் இல்லை. (பாட்டுக்காரரின் பெயரை நானும் சொல்லப்போவதில்லை. வக்கீல் வைக்க எனக்கு வசதி பத்தாது.) ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் டீக்கடையில் மாமா தலை தெரிந்ததும் பெஞ்சில் தாளம் போட்டுக் காட்டுவார்கள். அத்தை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. எனக்கும் சந்தேகம் இருந்திருக்கக் கூடாது. காலிப் பழப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு மாமா அந்தப் பாட்டுகளை அடி பிசகாமல் வாசிக்க, எதிரே உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவன் நான்.

அந்த வருடம் மாமாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை தேனிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவார். என் தொடரைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"அந்தாளு வாயால எம்பேரை ஒருக்கச் சொல்லச் சொல்லுலே. போதும்."

எப்படியெப்படியோ நம்பர் பிடித்து, பாட்டுக்காரரிடம் போனில் அரை மணி நேரம் பேசிப் பதிவு செய்துவிட்டேன். அதில் மாமாவைப் பற்றியும் கேட்டேன். அவர் சொன்ன பதிலை மாமாவிடம் போய்ச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. அதனால் வேறு மாதிரிச் சொன்னேன். உங்களை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார், உங்கள் தோட்டத்துப் பழம்கூடக் கேட்டார் என்றேன். பழம் கேட்டது மட்டும் நிஜம்.

மாமா மறுநாள் காலையில் கைத்தாங்கலாகத் தோட்டத்துக்குப் போனார். ஆள் வைத்திருந்தும் யாரையும் தொடவிடாமல், பந்தலுக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து குலை குலையாகத் தானே பார்த்து வெட்டி, ஒரு பெட்டி அடுக்கினார். பார்சல் ஆபீசுக்கு நான்தான் வண்டியில் கொண்டுபோனேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே! வழியில் இரண்டு பழம் எடுத்துத் தின்றேன்.

அடுத்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலையைக் காட்டினேன். பாட்டுக்காரர் தன் கிடார்க்காரரைப் பற்றி, "அவன் இல்லேன்னா இந்தக் கேசட்டே இல்லைங்க" என்று சொல்லியிருந்தார். அந்தத் துண்டை நறுக்கி, நான் மாமாவின் பெயரைச் சொல்லும் இடத்துக்குப் பின்னால் ஒட்டினேன். ஒட்டு தெரியவே இல்லை. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

இங்கே எங்கள் வேலை முறையைச் சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு நிலையத்தில் வாட்ச்மேன் தவிர ஆள் இருக்காது. நேரப்படி கம்ப்யூட்டரே ஒலிபரப்பும். ஏதாவது ஒரு நேரத்துக்கு நிகழ்ச்சி போடாமல் விட்டால் அது தானாகவே கோழி வளர்ப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடும். அதனால் வெட்டாத முழுப் பதிவை முதலில் அந்த இடத்தில் போட்டு வைப்பேன். வெட்டி முடித்ததும் அதை எடுத்துவிட்டு நல்லதை வைப்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெட்டி முடித்து, மாற்றி வைக்கப் போகும்போது போன் வந்தது. மாமா தேனியில் இறந்துவிட்டார். போட்டது போட்டபடி கிளம்பிவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. வீட்டு முன்னால் பந்தல், வாசலில் மைக்கும் நான்கு குழாய் ஸ்பீக்கருமாக ரேடியோ செட். மாமாவை நாற்காலியில் சாத்தி உட்கார வைத்திருந்தார்கள். சனிப் பிணம் தனியாகப் போகாது என்பதால் பாடையில் கட்ட ஒரு கோழிக்குஞ்சும் தயாராக இருந்தது. பத்தரைக்கு ராகு காலம் முடிந்தது. எடுத்துவிடலாம் என்றார்கள் பெரியவர்கள்.

"பதினொன்னு வரைக்கும் பொறுங்க. ரேடியோல அவுக பேரு வருது" என்றார் அத்தை.

பெரியவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். நான் பெரிய மனிதன் மாதிரி எழுந்து போய், செட்டுக்காரரின் மைக்கை என் போன் ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தேன். (ஆமாம், நானேதான் வைத்தேன். வேறு யார் மேலும் பழி போட முடியாது.) பதினொன்று அடித்தது. கூட்டம் அமைதியானது. ஒப்பாரிகூட நின்றது.

முதல் பத்து நிமிடம் பாட்டுக்காரர் தன் பெருமையைப் பேசினார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பிறகு குழாயில் என் குரல் வந்தது.

"சார், முதல் கேசட்டுல டிரம்ஸ் வாசிச்சது எங்க மாமா சார். தவமணின்னு, திராட்சைத் தோட்டக்காரரு."

"யாரு? அப்படி யாரும் இல்லையே. எல்லாம் மெட்ராஸ் பசங்கதான்."

"ஹி ஹி, ஆமா சார். ஊருக்குள்ள அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிவாக. சும்மா கேட்டேன் சார். இதை வெட்டிருறேன்."

"தோட்டம் இருக்கா அவருக்கு? அப்ப பழம் அனுப்பச் சொல்லுங்க."

"அனுப்பிருவோம் சார், ஹி ஹி."

மைக்கை எடுக்கப் பாய்ந்தேன். செட்டுக்காரரும் கை நீட்டினார். மாமாவின் காலடியில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்திருக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"அணைக்காதீக. முழுசும் ஓடட்டும்."

இன்னும் பதினெட்டு நிமிடம் ஓடியது. அதில் ஐந்து இடத்தில் நான் சிரித்தேன். எண்ணிக்கொண்டே நின்றேன், வேறு என்ன செய்ய? முடிந்ததும் மயிலாடும்பாறையிலிருந்து வந்த ஒரு பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு தொடங்கினாள்:

"வாசிச்ச கை ஆறலையே – அய்யா
வாய் கூசாமச் சொன்னானே
மச்சான் மகன் சிரிச்ச சிரிப்பு – அய்யா
மந்தையெல்லாம் கேட்டுச்சே"

மற்றப் பெண்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். கொட்டுக்காரர்கள் அதற்கு அடி போட்டார்கள். தூக்கும்போது ஒரு பெரியவர் என் காதுபடவே, "சனிப் பொணம் கோழியைக் கூட்டிட்டுப் போகும்பாக. இது இவன் மானத்தையும் சேத்துல்ல கூட்டிட்டுப் போகுது" என்றார். பிணத்துக்கு முன்னால் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் ஒரு பக்கம் தோள் கொடுக்கப் போனேன். யாரோ மெதுவாக என் கையை எடுத்துவிட்டார்கள்.

அந்த ஒப்பாரியை யாரோ போனில் பிடித்து அனுப்ப, அது ஆண்டிபட்டி வழியாகச் சென்னை வரை போய்விட்டது. பதினைந்தாம் நாள் நிலையத்துக்கு ஒரு போன் வந்தது. அதே கேசட்டில் பேஸ் கிடார் வாசித்தவராம். தவமணியா செத்துப்போனான் என்று கேட்டார். பிறகு, ஒன்பது பாட்டுக்கும் அவன்தான் வாசித்தான், சம்பளத் தகராறில் அட்டையிலிருந்து பேரை எடுத்துவிட்டார்கள் என்றார். பதிவு செய்தேன். ஒரு எழுத்துகூட வெட்டாமல் அத்தையிடம் கொண்டு ஓடினேன்.

அத்தை முழுவதும் கேட்டார். போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இந்த மனுசன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாலே? அந்தப் பாட்டுக்காரன் மறந்துட்டான், போறான். நீ அவுக வாசிச்சுக் கேட்டவன்தானே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன். அத்தை தேற்றவில்லை. சோறு மட்டும் போட்டார்.

வேலையை நானே விட்டேன். (மேடம் தடுக்கவில்லை.) இரண்டு வருடம் கழித்து வடுகபட்டியிலிருந்து எனக்குப் பெண் கொடுக்க வந்தார்கள். பெண்ணின் அப்பா, ஊர் வழக்கப்படி, பையன் எப்படி என்று அத்தையிடம் விசாரித்தார். வீடே மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது.

"நல்ல பையன். நம்மளை விட்டே குடுக்க மாட்டான். பெரிய மனுசன் யாரும் பக்கத்துல இல்லாமப் பாத்துக்கிடணும், அம்புட்டுத்தான்" என்றார் அத்தை.

எங்கள் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தார்கள். அப்புறம் பெண் வீட்டுக்கும் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. எப்படியோ கல்யாணம் நடந்துவிட்டது. இன்றைக்கும் என் மேலதிகாரி யாராவது வீட்டுக்கு வந்தால், என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றுகொள்வாள், நான் என்ன சொல்கிறேன் என்று கேட்க.