கரடி ருசித்த பூட்ஸ்

பெண் எடுத்த வீட்டில் நல்ல பெயர் வாங்கத் துடிக்கும் புது மாப்பிள்ளையிடம் எந்தப் பொருளையும் நம்பி ஒப்படைக்கக் கூடாது. நானே அப்படி ஒரு மாப்பிள்ளையாக இருந்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

கல்யாணமாகி வந்த முதல் டிசம்பர் அது. என் மனைவி பாத்திமாவின் அண்ணன் நவாஸ் துபாயிலிருந்து விடுமுறையில் மேலப்பாளையம் வந்திருந்தார். எனக்கு அவர் மச்சான், அவருக்கு நான் மாப்ள. கூட வேலை பார்ப்பவர்களோடு ஜனவரியில் இமாசலத்தில் பனிமலை ஏறுவதாக அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்கென்று கணுக்காலுக்கு மேல் ஏறும் தோல் பூட்ஸ் ஒரு ஜோடியும் வாங்கி வந்திருந்தார். (அதன் விலையைக் கேட்ட என் மாமனார் அன்று மத்தியானம் வரை யாரோடும் பேசவில்லை.)

பனியில் நடக்கிற தோல் பூட்ஸுக்கு மெழுகு ஏற்ற வேண்டுமாம். இல்லாவிட்டால் ஈரம் உள்ளே இறங்கிக் கால்விரல் மரத்துவிடுமாம். அதற்கான டப்பாவை ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம் என்று மச்சான் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். நான்தான் குறுக்கே விழுந்து, "வெளிய எதுக்கு மச்சான்? நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அதுவரை நான் செய்த ஒரே காலணிப் பராமரிப்பு, வார் அறுந்த செருப்புக்கு ஊக்கு குத்தியதுதான்.

வீடியோவில் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். தூசியைத் துடைத்து நிழலில் காயவைக்க வேண்டும். சுத்தமான தேன்மெழுகை உருக்கி, எண்ணெய் கலந்து, மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். இதில் 'சுத்தமான', 'மெல்லிசாக', 'துடைத்தெடுக்க' என்ற மூன்று சொற்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அப்படியே கடைப்பிடித்தேன். தேன் விற்கிறவரிடம் அரைகுறையாகப் பிழிந்த தேனடையை வாங்கி வந்து, வடிகட்டாமல் விளக்கெண்ணெயோடு காய்ச்சி, தோசைக்கல்லில் மாவு ஊற்றுகிற தாராளத்தோடு பூசினேன். வீடே மிட்டாய்க் கடை மாதிரி மணத்தது. குழாயடியில் பிடித்துப் பார்த்தால், சேம்பிலையில் உருளுவதுபோலத் தண்ணீர் உருண்டோடியது. மச்சான் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்றிரவு எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

பனிமலைக்கு முன்னால் நம் மலையில் ஒரு நாள் ஒத்திகை நடந்து பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. பாபநாசத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்து வாழைத்தோப்பில் மச்சானின் பள்ளிக்கூடத் தோழர் இசக்கி அண்ணாச்சியின் வீடு இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே போய்த் தங்கினோம். எல்லா வீட்டையும்போல அங்கேயும் காலணிகளை வாசற்படியில்தான் விட்டோம். லேசாகத் தூறல் வேறு. என் மெழுகுக்கு நல்ல பரீட்சை என்று நினைத்துக்கொண்டேன்.

விடியலில் தொழுதுவிட்டு, பூட்ஸ் நனையாமல் இருக்கும் அழகை மச்சானுக்குக் காட்ட, அவருக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்தேன். யாரோ கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்கள். "யாரு, அண்ணாச்சியா?" என்று மரியாதையாகக் கேட்டும் தொலைத்தேன். திரும்பிய முகத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மூக்கு இருந்தது.

கதவை எப்படிச் சாத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. மச்சானைக் கட்டிப்பிடித்திருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. (நான் அழுததாக அவர் சொல்வார். நம்ப வேண்டாம்.)

ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தோம். கரடி மச்சானின் பூட்ஸை இரண்டு கைக்கும் நடுவில் இடுக்கி, பாயசக் கிண்ணத்தை வழிப்பதுபோல உர்ர்ரென்று உறிஞ்சிக்கொண்டிருந்தது. என் கேன்வாஸ் ஷூவை அது சீண்டவே இல்லை. சத்தம் கேட்டு எழுந்து வந்த இசக்கி அண்ணாச்சி, பூட்ஸில் என்ன தடவினோம் என்று விசாரித்தார். மென்று விழுங்கிச் சொன்னேன்.

"தேனத் தடவி வாசல்ல வச்சிட்டு, கரடி வந்துட்டுங்கிய" என்றார். "பேசாம இருங்க. அது பாட்டுக்குத் தின்னுட்டுப் போட்டும்."

நிதானமாகத்தான் தின்றது. பிறகு ஒரு பூட்ஸை வாயில் கவ்விக்கொண்டு தோப்புக்குள் இறங்கிப் போய்விட்டது. மற்றொன்று நாக்கும் கயிறும் இல்லாமல் படியில் கிடந்தது. அண்ணாச்சி வனத்துறைக்குப் போன் போட்டார். ஒத்திகை ரத்து.

திரும்பும் வழியெல்லாம் மச்சான் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் காலில் அண்ணாச்சியின் ரப்பர் செருப்பு. என் மடியில் கடிபட்ட பூட்ஸ் ஒரு பையில். இனி மாமனார் வீட்டில் எனக்கு ஒரு வாய்ச் சோறு கிடைக்காது என்றே நினைத்தேன்.

விஷயத்தைக் கேட்டதும் பாத்திமா என்னை முறைத்தாள். மச்சானின் மனைவி ஜரினா லாத்தா மட்டும், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டுவிட்டு, பையைத் திறந்து பார்த்தார். அப்புறம் மச்சானைப் பார்த்தார்.

"அப்ப பனிக்குப் போகலயா?"

"இத வச்சிக்கிட்டு எங்கன போவ?"

லாத்தா அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மனிதர், அதிலும் பாதி நாளைப் பனிக்குக் கொடுக்கிறாரே என்று அதுவரை அவர் தனியாக அழுதுகொண்டிருந்தாராம். பாத்திமா பிற்பாடு சொன்னாள். அன்று தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து இனிப்பாக வட்டலப்பம் செய்து, முதல் தட்டை எனக்குத்தான் வைத்தார்.

மச்சான் மாடிக்குக் கூட்டிப்போய் என் தோளில் கை போட்டார்.

"பைய சொல்லுதேன், வெளிய சொல்லிராத மாப்ள. எனக்கு முட்டு வலி. வாயக் குடுத்துட்டு, எப்படி வரலன்னு சொல்லன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன்."

காலையிலிருந்து என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கரடி அப்போதுதான் இறங்கிப் போனது. மச்சான் கடிபட்ட பூட்ஸைப் படம் எடுத்து துபாய் நண்பர்களுக்கு அனுப்பினார். அதற்கு மேல் அவரை வற்புறுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

இன்றைக்கும் அந்த வீட்டில் யாருக்காவது ஒரு பயணம் பிடிக்கவில்லையென்றால், "செருப்ப மாப்ளைட்ட குடுத்துரு" என்பார்கள். போன மே மாதம், சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று மாமனாரை எல்லாரும் நெருக்கினார்கள். அவர் எழுந்து வாசலுக்குப் போய்த் தன் தோல் செருப்பை எடுத்து வந்து, என் முன்னால் வைத்தார்.

"கொஞ்சம் தாராளமாவே தடவுங்க" என்றார்.