தானாகவே திரும்பிப் போன படம்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று பார்த்தால், கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் கதிரை நானாவின் கதிரையில் உட்காராத மனிதர் ஒருவரும் இல்லை. நிக்காஹ் வீடு, பூப்புனித நீராட்டு வீடு, பௌத்த பன்சலையில் தானம், மரண வீடு எதுவானாலும் அவருடைய நீலப் பிளாஸ்டிக் கதிரைகள் முதலில் வந்து சேரும். ஆட்கள் பிறகுதான் வருவார்கள். நான் ஒன்பது வருடம் அவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தவன். எதையும் நாளும் நேரமும் போட்டுக் குறித்து வைப்பவன். இருந்தும் அவருடைய சொந்தப் பெயரைக் குறிக்கத் தவறிவிட்டேன். கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கதிரை, கூடாரம், பலர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டு, பெரிய சட்டி இவற்றை வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில். வெளியே போகும் ஒவ்வொரு கதிரையிலும் ஒரு தடவை தானே உட்கார்ந்து பார்ப்பார். இருநூறு கதிரை போனால் இருநூறு தடவை உட்கார்ந்து எழும்புவார்.

"பாக்காம அனுப்பின கதிரையில மாப்பிள்ளட மாமனார் விழுந்தா, அந்தக் கல்யாணத்துக்கு நான்தான் பொறுப்பு, கிளாக்கர்" என்பார். மாநகர சபையில் நான் பார்த்த எழுதுவினைஞர் வேலை ஓய்வுக்குப் பிறகும் அவர் வாயில் என் பெயராகவே நிலைத்துவிட்டது.

கல்யாண வீட்டுக்காரர்கள் மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குள் சாமானைத் திருப்பிவிட வேண்டும். மழை பெய்தால் கெடு தள்ளிப் போகும். மரண வீட்டுக்குக் கெடுவே கிடையாது. ஆட்கள் குறைந்துவிட்டார்களா என்று வீதியில் நடந்து பார்த்துவிட்டு, அவரே போய் அடுக்கி எடுத்து வருவார்.

இப்படிப்பட்டவர்தான் ஒரு நாள் தாமே வாடகைக்காரர் ஆனார்.

ஹுன்னஸ்கிரியவில் கடை வைத்திருந்தவரை மணந்து அங்கேயே வாழ்ந்துவரும் மூத்த சகோதரி ஒருவர் அவருக்கு உண்டு. எங்கள் வீதிக்கே அவர் ராத்தா. பதினைந்து வயதில் வீட்டுக்குச் சொல்லாமல் கூட்டாளிப் பெண்ணோடு கண்டி டவுனுக்குப் படம் பார்க்கப் போனவர். இடைவேளையில் விளக்கு எரிந்தபோது பக்கத்தில் வாப்பா நின்றார். அன்றோடு சரி. ரயிலேறிப் போன கதாநாயகன் திரும்பி வந்தானா என்று ஐம்பது வருடமாக அவருக்குத் தெரியாது. வந்தான் என்றாள் ஒருத்தி. வரவில்லை என்றாள் இன்னொருத்தி. வந்தது அவனுடைய தம்பி என்றாள் மூன்றாமவள். டிவியில் அந்தப் படத்தைப் போட்ட இரண்டு தடவையும் ஹுன்னஸ்கிரியவில் கரண்ட் இல்லை.

ராத்தாவுக்கு ஒரு கண் முன்பே போய்விட்டது. மிஞ்சிய கண்ணுக்குப் புதன்கிழமை காலை கண்டியில் ஒப்பரேஷன். முயற்சி செய்கிறோம் என்றாரே தவிர, டொக்டர் வேறு வாக்குக் கொடுக்கவில்லை. அதற்கு முன் அந்தப் படத்தை முடிவுவரை காட்டிவிட வேண்டும் என்று நானா தீர்மானித்தார்.

சனிக்கிழமை பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். மருமகன் வாங்கிக் கொடுத்த டிவியில், படங்களை வாடகைக்குத் தரும் ஒன்லைன் கடை ஒன்று இருந்தது. உள்ளே போகக் கடவுச்சொல் வேண்டும். அதில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இலக்கம், ஒரு குறியீடு எல்லாம் இருக்க வேண்டுமாம்.

"இருநூறு கதிர வச்ச ஸ்டோருக்கு நான் போட்டது ஒரே ஒரு பூட்டு" என்றார் நானா. "இவன் என்ன, தங்கமா வச்சிருக்கான்?"

வங்கி அனுப்பிய இரகசிய இலக்கம், அதைப் போட வேண்டிய நேரம் முடிந்த பிறகே போனுக்கு வந்தது. மூன்றாம் தடவைதான் சரிவந்தது. படம் எங்கள் கையில். நிபந்தனைகளை நான் ஒரு வரி விடாமல் வாசித்துச் சொன்னேன். முப்பது நாளைக்குள் எப்போதும் பார்க்கலாம், ஆனால் தொடங்கினால் நாற்பத்தெட்டு மணித்தியாலம்தான்.

"ராத்தா திங்கட்கிழம வாறா. அன்டைக்கு பட்டன அமத்துவோம்" என்றார் நானா. நான் வீட்டுக்குப் போனேன்.

திங்கள் நாலரை மணிக்கு ராத்தா பஸ்ஸில் வந்து இறங்கினார். ஐந்து பத்துக்குப் படம் தொடங்கியது. டிவிக்கு இரண்டடி தூரத்தில் கதிரை போட்டு, நல்ல கண்ணைத் திரைப்பக்கம் திருப்பி, ராத்தா அசையாமல் இருந்தார். மஃரிப் தொழுகைக்குக் கால் மணி நேரம் நிறுத்தினோம். சரியாக ஆறு ஐம்பதுக்கு, ரயில் புகை மறையும் இடத்தில் திரை கறுத்தது. வாடகைக் காலம் முடிந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் நின்றது.

நான் நானாவைப் பார்த்தேன். நானா மின்விசிறியைப் பார்த்தார்.

"சனிக்கிழமை நான் போன பிறகு அமத்தினீங்களா?"

"ரெண்டே ரெண்டு நிமிசம், கிளாக்கர். சாமான் சரியா ஈக்கா என்டு பாக்காம எப்பிடி வந்தவங்களுக்கு வைக்கிற?"

அதாவது, சனிக்கிழமை மஃரிப் தொழுதுவிட்டு வந்து, ஆறு ஐம்பதுக்கே படத்தில் ஒரு தடவை உட்கார்ந்து எழும்பியிருக்கிறார்.

ராத்தா மட்டும் சிரித்தார். "வாப்பா திரும்பியும் வந்துட்டார்டா, தம்பி."

அந்தச் சிரிப்புத்தான் நானாவைச் சுட்டது. கடைக்காரனுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன்.

"நானும் வாடகைக்குக் குடுக்கிறவன். சோறு திண்டுட்டு ஈக்கிற மனுசன எழுப்பிட்டு நான் கதிரய இழுக்கிறல்ல. ஒரு பொம்புள படம் பாத்துட்டு ஈக்கா என்டு உங்களுக்குத் தெரியல்லயா? ஒரு ஆள அனுப்பிக் கேட்டா என்ன?"

பதில் அடுத்த நிமிடமே வந்தது. எங்கள் திருப்தியே அவர்களுடைய மகிழ்ச்சியாம். இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்போம் என்றும் கேட்டிருந்தது.

"ஒன்டு குடுங்க" என்றார் நானா. "நாப்பத்தெட்டு மணித்தியாலத்துல அதையும் திருப்பி எடுத்துப்போம் என்டு எழுதுங்க."

அன்றிரவு எனக்கும் யோசனையாக இருந்தது. அவர்கள் செய்தது பிழையில்லை. நிபந்தனையை நானே வாசித்தேன். ஆனால் பொருளை எடுத்துக்கொண்டு போக ஒரு மனிதன் வந்திருந்தால், ராத்தாவின் முகத்தைப் பார்த்திருப்பான். வாசலில் கொஞ்சம் நின்றிருப்பான்.

செவ்வாய் காலை, முன்வீட்டுக்காரர் அதே படத்தைக் களவுப் பிரதியாகப் பென் டிரைவில் கொண்டு வந்து நீட்டினார். நானா கையாலும் தொடவில்லை.

"களவெடுத்த கதிரையில வச்சி நிக்காஹ் எழுதுவீங்களா?"

"நாளைக்கு ஒப்பரேஷன், நானா!" என்றார் முன்வீட்டுக்காரர்.

"அதுக்குத்தான் சொல்ற. துஆ கேக்கிற நேரத்துல களவுச் சாமான் வேணாம்."

திரும்ப வாடகைக்கு எடுக்கப் பார்த்தார். சனிக்கிழமை தடுமாறியதில் அவருடைய கார்டை வங்கி பூட்டிவிட்டிருந்தது. பெற்ற மகனிடம்கூடக் கொடுக்காத என் கார்டை நான் எடுத்துக் கொடுத்தேன். நான்கு மணிக்குப் படம் தொடங்கியது. இம்முறை ரயில் புகைக்குப் பிறகும் திரை கறுக்கவில்லை. ராத்தா முடிவுவரை பார்த்தார். கதாநாயகன் வரவில்லை. அந்தப் பெண் நரைத்த தலையோடு ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்திருக்க, படம் முடிந்தது.

ராத்தா கண்ணைத் துடைத்தார். "வரல்லயா?" என்றார். "இத அறியவா நான் ஐம்பது வருசம் இருந்த?"

நானா ரிமோட்டின் முதுகைத் திறந்து பற்றரிகளை எடுத்துத் திரும்பப் போட்டார்.

புதன்கிழமை ஒப்பரேஷன் முடிந்தது. பார்வை எப்படி என்பது கட்டு அவிழ்த்தால்தான் தெரியும். வியாழக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு நான் நானாவின் வீட்டுக்குப் போனபோது, ராத்தா கட்டுப் போட்ட கண்ணோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். டிவியில் அதே படம்.

"நாலு மணி வரைக்கும் நம்மட சாமான்தானே" என்றார் நானா. "ராத்தா காதால கேக்கட்டும்."

பேச்சுக்கு நடுவே அவர் படத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். இப்ப வெள்ளச் சாரி. இப்ப மழ. இப்ப அவன் பொட்டியத் தூக்குறான். ராத்தா தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்குத் திரை கறுத்தது. படம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நான் எழுந்து ஏதோ சொல்லப் போனேன். நானா கையைக் காட்டி என்னை உட்கார வைத்தார்.

"ஏன்டா சத்தமில்ல?" என்றார் ராத்தா.

"ஸ்டேஷன்ல பேசாம நிக்கிறா, ராத்தா. ரயில் வருது." நானா கறுத்த திரையைப் பார்த்தபடியே சொன்னார். "நிக்குது. ஆக்கள் எறங்குறாங்க. இந்தா... அவனும் எறங்குறான்."

"செவ்வாக்கெழம எறங்கல்லயே?"

"நீங்க கண்ணத் தொடச்சிட்டு ஈந்த. கவனிக்கல்ல."

ராத்தா முகத்தை நானாவின் பக்கம் திருப்பினார். "பொய்யன்" என்றார். பிறகு தலையணையைச் சரிசெய்துகொண்டு, "சரி, சொல்லு. பொறகு?" என்றார்.

நானா சொல்லத் தொடங்கினார். வீட்டில் எனக்கு வேலை இருந்தது. நான் எழும்பவில்லை. பிறகு என்ன நடந்தது என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.