வால் நானாவின் தொங்கும் துளி

புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரை தேடினாலும், மனிதர்களைவிடக் கிருமிகளுக்கு அதிக மரியாதை கொடுத்த ஆள் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் வால் நானா. இறால் பண்ணைகளின் தண்ணீரைச் சோதிக்கும் சின்ன ஆய்வுகூடம் ஒன்றில் அவருக்குப் பக்கத்து மேசை எனக்கு. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

இறாலைக் கொல்லும் கிருமிக்குப் பின்னால் ஒரு வால் இருக்கிறது, அதைச் சுழற்றித்தான் நீந்துகிறது, எதிலாவது ஒட்டிக்கொண்டால் பக்கமெல்லாம் புது வால் முளைக்கிறது, பிடித்துக்கொள்ள மயிர் வேறு இருக்கிறது என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்வார். ஆனால் எங்கள் மைக்ரோஸ்கோப்பில் வால் தெரியவே தெரியாது.

"நானா, ஒருக்கா அந்த வாலக் காட்டுங்களேன்" என்பார்கள் பண்ணைக்காரர்கள்.

"வால் தெரியாது. அது போற போக்குல விளங்கும்."

தில்லையடியில் ஒரு கல்யாண வீட்டில், ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டுக்கு முன் கை கழுவிய தண்ணீரைச் சின்னப் போத்தலில் பிடித்துக்கொண்டு போனார். மறுநாள் மாப்பிள்ளையின் வாப்பாவுக்கே டெலிபோன் கோல் எடுத்து முடிவைச் சொன்னார். அதற்குப் பிறகு அவரோடு ஒரே சஹனில் உட்கார ஐந்து பேர் சேர்வது பெரும்பாடாகிவிட்டது.

குழிவான கண்ணாடிக்கு மேல் ஒரு துளியைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்ப்பதுதான் எங்கள் சோதனை. அதற்குள் செத்த கிருமியும் சும்மா இருக்காது, நின்ற இடத்திலேயே நடுங்கும். நீந்தும் கிருமி ஒரு பக்கமாகப் போகும். ஒருநாள் நடுங்கியதைப் பார்த்து "போகுது" என்று எழுதிவிட்டேன். றிஸ்வான் என்ற பண்ணைக்காரர் பயந்துபோய், விரலளவுகூட வளராத இறாலையெல்லாம் அள்ளி விற்றுவிட்டார். மிச்சத் தண்ணீரை மறுபடி பார்த்த வால் நானா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள்தான் வாய் திறந்தார்.

"நடுங்குறதப் பாத்துப் போகுதுண்டு எழுதாதீங்க தம்பி. நம்மட சொல்ல நம்பித்தானே அந்த மனுசன் இரிக்கான்."

போன வருடம் இறால் குளத்தில் இறங்கிய வால் நானாவின் காலை இறாலின் கொம்பு கீறிவிட்டது. இரத்தத்தில் சீனி கூடிய வருத்தக்காரர். மறுநாள் கணுக்கால் கறுத்து வீங்கிக் கொப்புளம் போட்டிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவம் நானா."

"இரிங்க, முதல்ல ஆளப் பாத்துருவம்."

கொப்புளத்து நீரில் ஒரு துளியைத் தொங்கவிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"என்னா ஓட்டம் ஓடுறான். வந்து பாருங்க."

நானும் பார்த்தேன். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய பிறகு அதன் போக்கு மாறுகிறதா என்று பார்க்க, பகல் சாப்பாட்டு நேரம் வரை மனிதர் கதிரையை விட்டு எழும்பவில்லை. நானும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். அப்படியும் காய்ச்சல் இறங்கவில்லை. நாலாம் நாள் பின்னேரம் நான் போனபோது மகள் தலைமாட்டில் இருந்து ஓதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவர் என் கையைத் தொடப் பார்த்தார். விரலை நகர்த்த முடியவில்லை.

"தம்பி, பாத்துச் சொல்லுங்க. நடுங்குதா, போகுதா?"

விரல் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

"போகுது நானா."

"சரியாப் பாருங்க."

குனிந்து பார்ப்பது போல என் கையை மெல்ல நகர்த்தி, அந்த விரலுக்குக் கீழே வைத்தேன்.

"ஓம் நானா, போகுது. இந்தா, என்ட கைக்கு வந்துட்டுது."

மறுநாள் சுபஹுத் தொழுகைக்கு முன் மௌத்தாகிவிட்டார். நான் கொடுத்த பிழையான முடிவுகளில் இந்த ஒன்றை மட்டும் திருத்த எனக்கு இன்னும் மனம் வரவில்லை.