கோபாலுக்கு வெள்ளிவிழா

ராமச்சந்திராபுரம், ஹைதராபாத்
ஆகஸ்ட் 1985

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு ஜகதீசன் அநேக நமஸ்காரம். இங்கு நான் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி என்பதைத் தாங்கள் படித்துக்கொண்டே வரும்போது தெரிந்துகொள்வீர்கள். அங்கு தாங்கள், மாமி, ருக்மிணி, குழந்தை எல்லோரும் நலமாக இருக்க எல்லாத் தெய்வங்களையும் வேண்டுகிறேன். இந்த மாதம் எந்தத் தெய்வத்தையும் நான் விட்டுவைக்கவில்லை.

தங்கள் கடிதம் கிடைத்தது. 'சொந்தக் குழந்தையின் ஆண்டு நிறைவுக்கு வர முடியாத மனுஷர், எவனோ கோபாலுடைய வெள்ளிவிழாவை ஓடி ஓடி நடத்துகிறாராமே, யார் அந்தக் கோபால், உமக்கு என்ன உறவு?' என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. மாமா, கோபால் மனுஷர் இல்லை. கம்ப்யூட்டருக்குப் புரிகிற ஒரு பாஷை. இங்கிலீஷில் எழுதினால் வேறு மாதிரி இருக்கும், வாயால் சொன்னால் கோபால்தான். எங்கள் தொழிற்சாலையில் சம்பளச் சீட்டு அடிப்பதும், ஸ்டோரில் போல்ட் நட்டு எத்தனை இருக்கிறது என்று சொல்வதும் அந்தப் பாஷையில் நாங்கள் எழுதிவைத்த புரோகிராம்கள்தான். அது பிறந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. மனுஷனுக்கு அது கல்யாண வயசு. கம்ப்யூட்டர் பாஷைக்கோ, வாசலில் பாடையே கட்டிவிடுவார்கள் போலிருக்கிறது.

இந்த ஊரில் கோபால் தெரிந்தவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. தலைவர் எங்கள் செக்‌ஷன் லக்ஷ்மிநாராயணன் சார். நான் செயலாளர். மாதம் ஒருமுறை செகந்திராபாத்தில் கூடுவோம். யாருடைய புரோகிராம் எங்கே மாட்டிக்கொண்டு நின்றது என்று பேசுவோம். சைக்ளோஸ்டைலில் ஒரு செய்தித்தாள் போடுவோம். முன்பெல்லாம் அதில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பெயர் வரும். இப்போது அமெரிக்கா போனவர்கள், வேறு பாஷைக்குக் கட்சி மாறியவர்கள் பெயர்தான் வருகிறது. போன இதழை அச்செடுக்கும்போது எனக்கு இரங்கல் பத்திரிகை அடிக்கிற மாதிரி இருந்தது. எனக்கு இதைத் தவிர எந்தப் பாஷையும் தெரியாது, மாமா. இது போனால் நானும் போனேன்.

பயத்தைப் போக்கத்தான் வெள்ளிவிழா என்று லக்ஷ்மிநாராயணன் சார் ஆரம்பித்தார். "ஜகதீசா, ஊரைக் கூட்டி ஜம்முனு நடத்திட்டா, மேலிடம் நம்ம பக்கம் திரும்பிப் பார்க்கும்" என்றார். திரும்பிப் பார்த்துவிட்டது. டில்லியிலிருந்து எங்கள் கம்பெனி டைரக்டர் ஒருவர், தானே தலைமை தாங்க வருவதாகத் தந்தி கொடுத்துவிட்டார். மறுநாளே கேன்டீனில் பேச்சு. புது மெஷின் வருகிறது, பழைய பாஷைக்காரர்களை வடக்கே ஜான்சிப் பக்கம் குமாஸ்தா வேலைக்கு மாற்றப்போகிறார்கள், அதை அறிவிக்கத்தான் டைரக்டர் வருகிறார் என்று. அன்று முதல் சாதம் இறங்கவில்லை. நான் குழந்தையின் ஆண்டு நிறைவுக்கு லீவு கேட்கப் போனபோது ஜி.எம். நிமிர்ந்தே பார்க்காமல், "யூ ஆர் தி செக்ரட்டரி, நோ?" என்றார். லீவு விண்ணப்பத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

செகந்திராபாத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை ஆபீஸ் டெலிபோனில் பிடித்தேன். லைனில் ஒரே இரைச்சல். மேனேஜர் ராவ்காரு "ஏமி ஃபங்ஷன் அண்டி?" என்று என்ன விசேஷம் என்பதைத் தெலுங்கில் கேட்டார். "கோபால் சில்வர் ஜூபிலி" என்று கத்தினேன். "சால சந்தோஷம்!" என்று அவரும் கத்தினார். எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். விழா அன்று டைரக்டரையும் அவர் மனைவியையும் கெஸ்ட் ஹவுஸிலிருந்து காரில் அழைத்துவரும் வேலை எனக்கு. வழி நெடுக அவர் மடியில் ஒரு ஃபைல்.  என் கண் அதன் மேலேயே இருந்தது. மண்டப வாசலில் இறங்கினால், மாமா, இரண்டு வாழைமரம், குலையோடு. உள்ளே சன்னாயி, டோலு, அதாவது நம்மூர் நாயனமும் தவிலும். மேடையில் சிவப்பு வெல்வெட் நாற்காலி ஜோடியாக. பின்னால் தெர்மோகோலில் 'கோபால் தம்பதிகளுக்கு வாழ்த்துகள்' என்று இங்கிலீஷில். லக்ஷ்மிநாராயணன் சார் ஒரு தூணைக் கட்டிக்கொண்டு நின்றார். "இப்பத்தான் வந்து பார்த்தேன். எடுக்கச் சொன்னா, அபசகுனம்கறான்டா அந்த ராவ்" என்றார். 

நான் ராவ்காருவைத் தடுக்க ஓடுவதற்குள் அவர் டைரக்டரையும் அந்த அம்மாளையும் பார்த்துவிட்டார். "ஈயனே கோபால்காரு!" என்று, இவர்தான் கோபால் எனத் தீர்மானித்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்து, இருவரையும் மேடையில் ஏற்றி, ஆளுக்கொரு மாலையைக் கையில் கொடுத்து, மாற்றிக்கொள்ளச் சொல்லி ஜாடை காட்டினார். டோலு கெட்டிமேளமாக மாறியது. ஜி.எம். முன்வரிசையில் எழுந்து நின்றுவிட்டார். என் வேலை போவதை என் கண்ணாலேயே பார்க்கிறேன் என்று நினைத்தேன்.  டைரக்டர் மாலையைப் பாம்பைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு என்னைத் தேடினார்.

அப்போது அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே மாலையைப் புருஷன் கழுத்தில் போட்டார். "போடுங்களேன், என்ன பார்க்கறீங்க? நம்ம கல்யாணத்துல நாலு கையெழுத்துதான் போட்டோம். மேளம் வாசிக்க யார் வந்தா?" என்று இங்கிலீஷில் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. இரண்டு வீட்டாரும் ஒதுக்கிவைத்து, ரிஜிஸ்தர் ஆபீஸில் நடந்த கல்யாணமாம்.  டைரக்டர் மெதுவாக மாலையைப் போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். டோலுக்காரன் அடித்த அடியில் என் பயம்கூட ஒரு நிமிஷம் நின்றுபோனது. பேச எழுந்தவர் ஃபைலைத் திறந்தார், மனைவியைப் பார்த்தார், மூடினார். "இருபத்தைந்து வருஷம் கூடவே உழைத்த ஒன்றை, வயதாகிவிட்டது என்று ஒரே நாளில் வெளியே அனுப்ப முடியாது. புது மெஷின் வரும். கோபாலும் இருக்கும்" என்றார். "இதை எழுதிக் கொடுங்க" என்றார் அந்த அம்மாள். கைதட்டல் அடங்கவே இல்லை. லக்ஷ்மிநாராயணன் சார் தூணை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ராவ்காரு மட்டும் கடைசிவரை, கோபால்காரு நல்ல மனுஷர், கொஞ்சம் கூச்ச சுபாவம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே மாமா, பயம் தீர்ந்தது. கோபால் பிழைத்தது, என் உத்தியோகமும் பிழைத்தது. ருக்மிணியையும் குழந்தையையும் அழைத்துப் போக அடுத்த வாரமே மாயவரம் வருகிறேன். ஆண்டு நிறைவுக்கு வராத குற்றத்தை அப்போது நேரிலேயே திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். மாமிக்கு என் நமஸ்காரம். குழந்தைக்கு என் ஆசீர்வாதம். ருக்மிணிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, தாங்களே பார்த்து ஏதாவது சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத மாப்பிள்ளை
ஜகதீசன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் ஜி.எம். கூப்பிட்டு அனுப்பினார். விழா நடத்துவதில் எனக்கு இணை யாருமில்லை என்று டைரக்டர் எழுதியிருக்கிறாராம். அதனால் நாளை முதல் நான் கோபால் செக்‌ஷனில் இல்லை. ஹிந்திப் பிரிவுக்குப் பொறுப்பு அதிகாரி. அடுத்த மாதம் ஹிந்தி வார விழா, வரவேற்புரை ஹிந்தியில் நான்தான். ஆகவே நான் வரவில்லை. ருக்மிணியை அங்கேயே வைத்துக்கொள்ளவும். இங்கே வந்த இத்தனை வருஷத்தில் நான் கற்ற ஹிந்தி, மார்க்கெட்டில் காய்கறிக்காரியிடம் 'நக்கோ' என்று சொல்வது ஒன்றுதான். வேண்டாம் என்று அர்த்தம். ஜி.எம். எதிரில் நிற்கும்போது அந்த ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை, மாமா.