ராகு காலத்துக்கு முன் ஏறிய படகு

கூட்டுக் குடும்பத்தில் கணவனிடம் தனியாக ஒரு விஷயம் பேச வேண்டுமென்றால் கடலுக்குள் போவதைத் தவிர வேறு வழியில்லை என்று ஒரு காலத்தில் நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் முன்பணமும் கட்டினேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு வாசலில் தொடங்கிக் கொல்லை வரை ஒரே கோடாக நீளும். கொல்லையில் நின்று கிசுகிசுத்தால் வாசல் நாற்காலியில் இருக்கும் மாமனார் அதற்குப் பதில் சொல்வார். (மோட்டாரை நிறுத்தச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் காது கேட்காது.) எனக்கு அப்போது கல்யாணமாகி நாலு வருஷம். வேலை பார்த்த கம்பெனியில் பதவி உயர்வு கொடுத்து, புனேக்குப் போகிறாயா, திங்கட்கிழமை பதில் சொல் என்று கேட்டிருந்தார்கள். எனக்குப் போக வேண்டும். ஆசை என்று சொன்னால் போதாது, வெறி. கணவர் முரளிக்கோ கைலாசபுரம் தொழிற்சாலையில் நல்ல வேலை.

முரளி தங்கமானவர். ஒரே ஒரு வியாதி. எதைக் கேட்டாலும், "அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்பார். சட்டை வாங்கும்போதே இந்தக் கதி என்றால், ஊரை விட்டுப் போவதைப் பற்றிக் கேட்டால் என்ன ஆகும்? அதனால் அம்மாவைக் கேட்க முடியாத ஓர் இடத்தில் அவரை ஒரு மணி நேரம் உட்கார வைத்து, அவர் வாயிலிருந்தே பதிலை வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

தில்லைநகர் காபிக் கடையில் முயன்றேன். மாமனாரின் சிநேகிதர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு எங்கள் மேஜையிலேயே வந்து உட்கார்ந்தார். காவிரிப் பாலத்தில் நடக்கலாம் என்று போனால் பாதி ஸ்ரீரங்கம் அங்கே நடந்துகொண்டிருந்தது. முக்கொம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. பட்டுக்கோட்டை தாண்டி, அலையாத்திக் காட்டுக்கு நடுவே கடல்நீர் புகுந்து கிடக்கும் காயலில், தம்பதிகளுக்கு மட்டும் தனிப் படகு, சூரிய அஸ்தமனம், ரோஜா இதழ், கேக். கல்யாண நாள் என்று காரணம் சொல்லி, சனிக்கிழமைக்குப் பதிவு செய்தேன். முரளியிடம் வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொல்லியிருந்தேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை அம்மாவிடம், கடலுக்கு எடுத்துப்போக ஃபிளாஸ்க் இருக்கிறதா என்று கேட்டார், அவ்வளவுதான்.

"கடலா?" என்றார் மாமியார். பஞ்சாங்கம் வந்தது. கண்ட நாளில் கடலைத் தொடக்கூடாதாம். அமாவாசையன்று தொட்டால் தோஷமில்லை, புண்ணியம் வேறு. பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட வேண்டியதுதான் என்றார். மாமனார், அமாவாசையும் கடலும் சேர்ந்து வருகிறபோது வீட்டில் இருப்பானேன் என்றார். புத்தூரிலிருக்கும் நாத்தனார் வசுதா அக்காவுக்குத் தகவல் போனது. படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று முரளி விசாரித்து, எட்டுப் பேர் என்று சந்தோஷமாக வந்து சொன்னார். நான் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன்.

படகுக்காரர் போனிலேயே, அமாவாசை என்றால் தண்ணீர் ரொம்ப வற்றும், சாயங்காலம் மெல்ல ஏறும், ஐந்தரைக்கு மேல் வாருங்கள் என்று சொன்னார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். ராகு காலத்தில் எங்கள் வீட்டில் பால் பாக்கெட்டைக்கூடப் பிரிக்க மாட்டார்கள். ஆறுக்கு மேல் ஏறினால் சூரியன் நமக்காகக் காத்திருக்காது. ஆகவே நாலரைக்கு முன்பே ஏறுவது என்று தீர்மானமாயிற்று. கரையில் கறுப்புக் கண்ணாடி போட்டு நின்ற படகுக்காரர் மாமியாரைப் பார்த்ததும் தன் கொள்கையை மாற்றிக்கொண்டார். "ஏறுங்கம்மா, நம்ம படகு ஈரம் இருந்தா போதும், ஓடும்" என்றார்.

படகில் இரண்டே இரண்டு பெரிய நாற்காலிகள். மேலே சிவப்பு பலூன்கள். கீழே ரோஜா இதழ்கள். நாற்காலிகளில் மாமனாரும் மாமியாரும் உட்கார்ந்தார்கள். பக்கத்துப் பலகையில் வசுதா அக்கா, முரளி, அரிசி உப்புமா இருந்த தூக்கு, கடைசியில் நான். கேக்கில் முட்டை இருக்கும் என்பதால் அது அப்படியே படகுக்காரருக்குப் போனது. ஒலிபெருக்கியில் காதல் பாட்டுகள் வரிசையாக வந்தன. மாமனார் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இதில் பாசுரம் எதுவும் வராதா என்று விசாரித்தார்.

அரை மணி நேரம் ஓடியிருக்கும். அடியில் ஏதோ உரசியது. படகு ஒரு முனகலோடு நின்றது. படகுக்காரர் கழியால் குத்திப் பார்த்தார், குதித்துத் தள்ளினார், தொடை வரை சேற்றில் இறங்கினார். படகு அசையவில்லை. சுற்றிலும் தண்ணீர் விலகி, கறுப்புச் சேறு பளபளத்தது. இறங்கி நடக்கவும் முடியாது, வேறு படகு வரவும் முடியாது. தண்ணீர் ஏறினால்தான் உண்டு என்று சொல்லிவிட்டு அவர் ஓரமாக உட்கார்ந்து கேக்கைச் சாப்பிடத் தொடங்கினார்.

கொசுக்கள் வந்தன. "ராகு காலத்துக்கு முன்னாடி ஏறினதால இதோட போச்சு" என்றார் மாமியார். சூரியன் காட்டுக்குப் பின்னால் இறங்க ஆரம்பித்ததும் மாமனார் எழுந்து, குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரில் சந்தியாவந்தனம் செய்தார். பலூன்கள் அவர் தலையில் இடித்துக்கொண்டே இருந்தன. விளம்பரத்தில் போட்டிருந்த அதே ஆரஞ்சு வெளிச்சம் எல்லார் முகத்திலும் அழகாக விழுந்தது. நான் முரளியைப் பார்த்தேன். அவர் தம் அம்மாவுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

விடிந்தால் திங்கட்கிழமை. எனக்கு அழுகை முட்டியது. ஆனால் வாயைத் திறந்தால் கோபம்தான் வந்தது. "எனக்குப் புனேயில வேலை குடுத்திருக்கா. நாளைக்குப் பதில் சொல்லணும். எனக்குப் போகணும். இதைச் சொல்றதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இவர்கிட்ட மட்டும் சொல்லணும்னு வந்தேன். நீங்கள்லாம் காதைப் பொத்திக்கோங்கோ."

யாரும் காதைப் பொத்தவில்லை. படகுக்காரர்கூட மெல்லுவதை நிறுத்தினார். முரளி என்னைப் பார்த்தார். பிறகு, நான் பயந்தபடியே, மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"என்னை ஏன்டா பாக்கறே? கேட்டது அவ" என்றார் மாமியார்.

"இல்லம்மா, உனக்கு இப்பத்தான் தெரியறது..."

"செவ்வாய்க்கிழமையே தெரியும். மாடியில துணி எடுக்கப் போனேன், இவ ஃபோன்ல சொல்லிண்டிருந்தா. உங்கப்பாவுக்குத் தெரியும். வசுதாவுக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது."

தெரிந்திருந்தும் ஏன் எல்லாரும் கிளம்பி வந்தீர்கள் என்று கேட்டேன்.

மாமியார் உப்புமாத் தூக்கைத் திறந்துகொண்டே சொன்னார்: "உங்க ரெண்டு பேரை மட்டும் அனுப்பினா, இவன் 'அம்மாவைக் கேட்டுட்டுச் சொல்றேன்'னு உன்னைத் திருப்பி அழைச்சுண்டு வந்துடுவான். பெத்தவளுக்குத் தெரியாதா? அதான் நானே வந்து உக்காந்துட்டேன். இப்ப எங்க ஓடுவான்?"

எங்கும் ஓட முடியவில்லை. நாலு பக்கமும் சேறு. வசுதா அக்கா, தண்ணீர் ஏறும் வரை யோசி, அவசரமில்லை என்று தம்பிக்கு உப்புமா கொடுத்தாள். முரளி பாதி உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு, வேறு யாரையும் பார்க்காமல், என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்: "நீ முதல்ல போ. நான் அங்க வேலை தேடிண்டு வந்துடறேன். தனியா இருந்துப்பியா?"

நாலு வருஷத்தில் அவர் தானாகச் சொன்ன முதல் முடிவு அது. சந்தோஷத்தில் வேகமாகத் தலையாட்டினேன். இதற்காகத்தான் படகு பிடித்தேன் என்பதுகூட மறந்துபோய் ஒரு தட்டு உப்புமா வாங்கிச் சாப்பிட்டேன். தண்ணீர் ஏறி, படகு மிதந்து, கரை சேர்ந்தபோது நன்றாக இருட்டியிருந்தது.

சொன்னபடி ஒரு வருஷம் கழித்து முரளி புனேக்கு வந்துவிட்டார். எங்கள் வீட்டில் இப்போது இரண்டே அறைகள். எந்த அறையில் எது பேசினாலும் கேட்க ஆளில்லை. ஆனால் சோபா வாங்கலாமா வேண்டாமா என்று முரளி நாள் கணக்கில் இழுத்தால், நான் பேசாமல் ஸ்ரீரங்கத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிடுவேன். மாமியார் முழுதாகக் கேட்கக்கூட மாட்டார். "என்னடா, சேத்துல உக்கார வெச்சாத்தான் வாயைத் திறப்பியா?" என்பார். பின்னாலிருந்து மாமனார் சிரிப்பது கேட்கும்.