பிள்ளையாரிடம் மறுவிசாரணை கேட்டவள்

முடிவெடுக்கும்போது மனசைக் குறுக்கே விடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டு திரிந்தவள் நான். (பி.எஸ்ஸி. கணிதம். அந்தத் திமிர் வேறு.)

தொண்ணூறுகளில் எங்கள் மன்னார்குடிப் பக்கம் துபாய் மாப்பிள்ளைக்கு அப்படியொரு கிராக்கி. எனக்கும் ஒருவர் வந்தார். நல்ல வேலை, நல்ல குடும்பம், குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் அலசிப் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்றேன். அப்பாதான் இழுத்தார். "எதுக்கும் பூக்கட்டிப் பாத்துரலாம்மா."

வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். அப்பாவே கட்டினார். தட்டில் போட்டுப் பிள்ளையார் முன்னால் வைத்துக் குருக்கள் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

எடுத்தார். வெள்ளை.

அந்தப் பூவைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையாக வந்தது.

"இன்னொரு தடவை எடுங்க சாமி."

மடித்து, கலைத்துப் போட்டு எடுத்தார். வெள்ளை.

"மூணு தடவை எடுத்தாத்தான் கணக்கு சரியா வரும்!" (எந்தக் கணக்கு என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.)

மறுபடியும் வெள்ளை.

"ரெண்டுலயும் வெள்ளையவே வச்சுக் கட்டிட்டீங்களாப்பா?" என்று கத்தியபடி, தட்டில் கிடந்த மற்றப் பொட்டலத்தைப் பாய்ந்து பிரித்தேன். சிவப்பு! பெற்ற அப்பாவைத் திருடனாக்கியதுதான் மிச்சம்.

"ஸ்வாமியே சொல்லிட்டாரேம்மா" என்றார் குருக்கள்.

"அவரு சொன்னா? எனக்கு வேண்டாம்! காரணம்லாம் தெரியாது, வேண்டாம்!"

பின்னால் யாரோ கனைத்தார்கள். அர்ச்சனைத் தட்டோடு மாப்பிள்ளையின் அம்மா. பக்கத்தில் மாப்பிள்ளை.

பூமி பிளந்தால் குதித்துவிடத் தயாராக நின்றேன். அது பிளக்கிற வழியாக இல்லை.

"பிள்ளையார விட்டுட்டு அவங்களயே கேட்டிருக்கலாமே" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் மாப்பிள்ளை. தங்கமான மனிதர். (வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்.)

அப்பா என் தோலை உரிக்கப் போகிறார் என்று பயந்துகொண்டே வெளியே வந்தேன். அவரோ காபிக் கடை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்து, "அப்பாடா!" என்றார்.

"வெள்ளை வந்ததும் எனக்கும் மனசு கேக்கலம்மா. அவ்வளவு தூரத்துக்கு உன்ன எப்படி அனுப்புறது? ரெண்டாந் தடவ எடுக்கறப்ப சிவப்பு வரணும்னு நான்தான் தேங்காய் வேண்டிக்கிட்டேன்."

அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. இருவரும் சிரித்த சிரிப்பில் காபி ஆறிப்போனது.

இப்போதும் அந்தக் கோயிலுக்கு யாராவது பூக்கட்டிப் பார்க்க வந்தால், குருக்கள் பொட்டலத்தைத் தொடுவதே இல்லையாம். முதலில் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு எது வரணும் குழந்தே, அதைச் சொல்லு" என்கிறாராம்.