பிளான் அண்ணையின் பனிச்சறுக்கு

பிளான் அண்ணையைப் போலத் திட்டம் போடத் தெரிந்தவர் இந்தப் பூமியில் எவரும் இல்லை. அவருடைய திட்டத்தில் மாட்டிக்கொண்டு என்னைப் போல அவஸ்தைப்பட்டவரும் எவரும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், ஆக்லாந்தில் த்ரீ கிங்ஸ் பக்கம் ஒரு பழைய மரவீட்டை நாங்கள் இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த திருச்சிக்காரன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் ரயில் நேர அட்டவணை போடுகிற பிரிவில் இருந்தவர், இங்கே நியூ லின்னில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ இருந்தது. அதை யாரும் பயன்படுத்தியதாக நினைவில்லை.

ஒருமுறை கிளென்ஃபீல்டில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழாவுக்குக் கிளம்பினோம். அதற்குத் துறைமுகப் பாலத்தைத் தாண்ட வேண்டும். தாண்டுகிற நேரத்தில் ராகுகாலம் வரக்கூடாது என்றார். சரி என்றேன். அடுத்து, பஞ்சாங்கத்தில் இருக்கிற நேரம் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கா, ஆக்லாந்துச் சூரியனுக்கா என்று சந்தேகம் வந்துவிட்டது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு நல்ல நேரம் கண்டுபிடித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"பிளான் பிழைக்கேல்லைத் தம்பி. அவையள்தான் வெள்ளெனச் சாப்பிட்டுட்டினம்" என்றார். பிழைப்பது என்றால் அவர் பேச்சில் தவறிப்போவது, கெட்டுப்போவது.

இப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் மாலை, சுவிட்சர்லாந்தில் ஒரு மலைக்கிராமத்துக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறேன் என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? அதுவரை அவர் பார்த்த பனியெல்லாம் எங்கள் ஃபிரிட்ஜுக்குள் கட்டியிருந்ததுதான்.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே தங்கை அந்தக் கிராமத்தில் இருந்தாள். புருஷன் அங்கே ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினான். அகதி வழக்கு இழுத்துக்கொண்டே போனதால் அவர்களால் நாட்டை விட்டு நகர முடியாது. தங்கைக்கு ஜூலையில் முதல் பிரசவம். அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

"அப்போ தங்கச்சியைப் பார்க்கப் போறேன்னே விசா கேளுங்கண்ணே" என்றேன்.

"நீர் ஒரு விசயம் தெரியாத ஆள். அவளின்ர கேஸே முடியேல்லை. தங்கச்சியிட்டப் போறன் எண்டால், இவனும் அங்கயே நிண்டுடுவான் எண்டு நினைப்பினம். ஸ்கீ விளையாடுற ஆள் எண்டால் ஒருத்தரும் சந்தேகப்படாயினம்."

அவரிடம் அப்போது இலங்கை பாஸ்போர்ட்தான் இருந்தது என்பதால் நானும் சரி என்று தலையாட்டினேன். அங்கேதான் நான் கெட்டேன்.

டிராவல் ஏஜென்சியில் கிடைத்த வண்ணப் புத்தகங்கள் எங்கள் சாப்பாட்டு மேசையை ஆக்கிரமித்தன. நான் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடப் பழகினேன். எந்த ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பல்சக்கர ரயிலில் ஏறுவது, எந்தச் சரிவு கற்றுக்குட்டிக்கு, எந்தச் சரிவு கெட்டிக்காரனுக்கு என்று எல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில், மூன்றாம் நாள் மத்தியானத்துக்கு நேராக 'வயிறு பிழைக்கும், ஓய்வு' என்று எழுதியிருந்தது. பாலாடைக்கட்டி ஒத்துக்கொள்ளாதாம்.

பிறகு பயிற்சி ஆரம்பித்தது. பழைய சாமான் கடையில் சிவப்பு நிறத்தில் ஸ்கீ சப்பாத்து என்று அவர் சொல்லும் கனத்த பூட்ஸும், சறுக்குக் கட்டைகளும், ஓர் ஆள் படுக்கலாம் போல நீளமான பையும் வாங்கி வந்தார். வீட்டுக்கு முன்னால் இருந்த புல்சரிவு ஆக்லாந்து மழையில் எப்போதும் ஈரமாக இருக்கும். அதன்மேல் பாலிதீன் விரித்து, தலையில் மங்கி குல்லா போட்டு, என்னைப் பின்னாலிருந்து தள்ளச் சொன்னார்.

"மெல்லமாத் தள்ளும் தம்பி."

மெல்லத்தான் தள்ளினேன். பக்கத்து வீட்டு வேலிச்செடிக்குள் போய்த்தான் நின்றார். அந்த வீட்டு டோங்கா நாட்டு அம்மாள் வெளியே வந்து பார்த்தார். உள்ளே போய் ஒரு பழைய மெத்தையைத் தூக்கி வந்து வேலியோரம் போட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் மெத்தையில்தான் விழுந்தார். ஒருநாள் சப்பாத்து கழலவே மாட்டேன் என்றதால் அதோடேயே நின்று சோறு வடித்தார். 'டக் டக்' என்று சமையலறை அதிர, நான் ஆபீஸ் வேலை எதுவும் வீட்டில் செய்ய முடியாமல் தலையில் அடித்துக்கொண்டேன்.

இதற்குள் தங்கைக்குப் பிரசவம் நெருங்குகிற செய்தி ஆக்லாந்துத் தமிழர்களிடையே பரவியது. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுப்பது யாழ்ப்பாண வழக்கம். மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், வேர்க்கொம்பு என்று அவர்கள் சொல்லும் சுக்கு எல்லாம் இடித்த தூளில் செய்வது. அக்கம்பக்கத்து யாழ்ப்பாணப் பெண்கள் ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்தார்கள். ஒருவர் பக்குவம் இன்னொருவருக்குப் பிடிக்காது. யார் மனமும் நோகக்கூடாது என்று அண்ணை அத்தனையையும் வாங்கி ஸ்கீ பைக்குள் திணித்தார்.

விசா அலுவலகத்துக்கு அந்தப் பையையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். பை இருந்தால்தான் விளையாட்டுக்காரன் போலத் தெரியுமாம்.

"அந்தப் பொட்டலத்தையெல்லாம் எடுத்து வெச்சிட்டாவது வாங்கண்ணே."

"அடுக்கின சாமானை அவிழ்த்தால் பிளான் குழம்பும்."

சாட்சிக்கு என்று என்னையும் இழுத்துப் போயிருந்தார். விசாரித்த பெண் அதிகாரிக்குப் பனிச்சறுக்கில் ஆசை போலிருக்கிறது. ஆர்வமாகக் கேட்டார். அண்ணை ரயில், சரிவு, ஹோட்டல் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அந்தம்மா அசந்துபோனார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கடைசியாகப் பயணத் தேதியைப் பார்த்தவர் பேனாவைக் கீழே வைத்தார். ஜூலையில் அங்கே நடுக்கோடை, அந்தச் சரிவில் அப்போது மாடு மேயும் என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாழ்ப்பாணத்திலும் குளிர்காலம் கிடையாது, திருச்சியிலும் கிடையாது. எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரே குளிர்காலம் ஆக்லாந்துக் குளிர்காலம். இங்கே ஜூலையில்தான் எல்லோரும் காருக்கு மேல் சறுக்குக்கட்டை கட்டிக்கொண்டு மலைக்குப் போவார்கள். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்திருந்தோம்.

அதிகாரி பைக்குள் என்ன என்று கேட்டார். அண்ணை ஜிப்பை இழுத்தார். வாசனை அறை முழுக்க எழும்பியது. அந்தம்மா தும்மத் தொடங்கினார்.

அண்ணைக்கு அத்தனை ஆங்கிலமும் மறந்துபோனது. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீர் சொல்லும். தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. அம்மா இல்லை. சரக்குக் கறி காய்ச்சிக் குடுக்க அங்க ஒருத்தரும் இல்லை. ஆம்பிளை எண்டாலும் நான் காய்ச்சுவன். ரெண்டு பேரும் ஒரே நாட்டுக்குப் போறதெண்டுதான் நான் பிளான் போட்டனான். அவளை முதல் அனுப்பினன். அவள் போற வழியில அங்க பிடிபட்டாள், நான் இங்க வந்து விழுந்தன். அது ஒண்டுதான் சரி வந்திருக்க வேணும். அதுதான் பிழைச்சுப் போச்சு."

அவர் ஏன் எதற்கெடுத்தாலும் திட்டம் போடுகிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, திரும்பி வருவாரா என்று கேட்டார்.

"வராமல்? இந்தப் பெடியனுக்கு ஒரு சோறு வைக்கத் தெரியாது."

அதையும் நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

உண்மையை எழுதி மறுபடி கொடுக்கச் சொன்னார் அந்தம்மா. கொஞ்ச நாளில் விசா வந்தது. சறுக்குக்கட்டைகளை வீட்டிலேயே போட்டுவிட்டுப் பையோடு விமானம் ஏறினார்.

ஜூலைக் கடைசியில் ஃபோன் வந்தது. பின்னணியில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"மருமகள் பிறந்திட்டாள் தம்பி. சரக்குக் கறி காய்ச்சினனான். தங்கச்சி அழுதழுது சாப்பிடுறாள்."

"காரம் அதிகமாப் போயிடுச்சாண்ணே?"

"இல்லை" என்றார். பிறகு, "நீர் சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார்.

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அந்த ஒரு மாதம் முழுக்க வீட்டில் என்னை எரிச்சல்படுத்த யாரும் இல்லை. அத்தனை நீளமான மாதத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.